கனகாம்பரம் ஏன் பட்டது

17-6-98, புதன்

கோபம் அடங்கவில்லை. கனகாம்பரத்தில் பாதிப் பாத்தி வாடிவிட்டது. அதற்கு என் பெண்டாட்டி மருமகளைப் பிடித்துக்கொண்டாள். "வூட்டுக்குத் தூரமான நாள்ல பூ பறிக்கப் பூந்துட்டா, அதான் செடி பட்டுப் பூடுச்சி" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். அந்தப் பெண் காலையிலிருந்து சாப்பிடவில்லை.

நான் ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினேன். வேர் முழுக்க மணி கோத்த மாதிரி முடிச்சு. கண்ணுக்குத் தெரியாத நூற்புழு வேருக்குள் புகுந்து சத்தை உறிஞ்சினால் இப்படித்தான் ஆகும் என்று விவசாய ஆபீஸ்காரர் போன வருஷமே சொன்னார். மண்ணுக்குள் நூற்புழு எக்கச்சக்கமாம். முக்கால்வாசி, மண்ணில் இருக்கிற கிருமியைத் தின்று செடிக்குச் சத்து விடுகிற நல்ல ஜாதியாம். "நம்ம சொந்தக்காரங்க மாதிரிதான் சார், ஒண்ணு ரெண்டுதான் ரத்தம் உறிஞ்சும்" என்று சொல்லி அன்றைக்கு அவரைச் சிரிக்கவைத்தேன்.

இன்றைக்கு எனக்குச் சிரிப்பே வரவில்லை. "புழு எங்கயா கீது? காட்டு பாக்கலாம்" என்கிறாள் பெண்டாட்டி. எதைக் காட்டுவது? புழு கண்ணுக்குத் தெரியவில்லை, மருமகள் தெரிகிறாள். பழி அவள் தலையில்.

சாயங்காலம் நான்தான் கூப்பிட்டேன். "வாம்மா, பட்ட செடியை நாம ரெண்டு பேரும் புடுங்கிப் போடலாம்."

வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

"வேணாம் மாமா. நான் உள்ள வந்து மிச்சமும் பட்டுப்பூட்டா?"

அவளே நம்பிவிட்டாள். காலையில் என் பெண்டாட்டி கத்தியபோது வந்ததெல்லாம் ஒரு கோபமே இல்லை.