உச்சிவேளைக் குரல்

திருப்பாலைவனம்
9.6.2025

அன்புத் தங்கச்சி செசிலியாவுக்கு,

மூன்று வருஷம் கழித்து உன் பெயரை எழுதுகிறேன். உன் பழைய நம்பரைத் தடுத்து வைத்திருந்தேன். போன மாசம் வந்தது புது நம்பர் என்பதால்தான் எடுத்தேன். எடுத்தவுடன், "இன்னிக்கு நண்டு எத்தினி கிலோக்கா?" என்கிறாய்! எரிச்சலில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அனிதாவுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததை மாப்பிள்ளை வீட்டாரிடம் நீ உளறியது, என் மகளின் சம்பந்தம் முறிந்தது, எல்லாம். நீ குறுக்கே பேசவே இல்லை. "தப்பு என்னுதுதான்கா, மன்னிச்சுக்கோ" என்றாய். ஈரக்கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுகிறாய். முழங்கால் வலியைக்கூட விசாரிக்கிறாய். இதைப் போனில் சொன்னால் அழுதுவிடுவேன்: அனிதாவுக்கு வேறு இடம் அமைந்திருக்கிறது. ஆவணியில் கல்யாணம். சித்தியாக நீ முன்னால் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட வா.

உன் அக்கா
சோபியா


பசியாவரம்
12.6.2025

பாசமுள்ள அக்காவுக்கு, ஊரிலேயே பெரிய வாய்க்காரி எழுதுவது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை தலைகீழாகப் பிடித்திருந்தேனாம், என்னிடம் வேலை பார்க்கும் காந்தா சொன்னாள்.

என் நண்டுக் கொட்டகையில் இப்போது மிஷின் பேசுகிறது! முன்பெல்லாம் நண்டு பிடிக்கிற நாற்பது வீட்டுக்கும் நானே போன் போட்டு எத்தனை கிலோ என்று கேட்பேன். ஏழாவது வீட்டில் மாமியார் மருமகள் சண்டைக்குள் இறங்கிவிடுவேன். அதற்குள் சென்னை வண்டி கிளம்பிவிடும். கம்ப்யூட்டர் வேலை தெரிந்த பொன்னேரிப் பையன் பிரவீன் வந்து இரண்டு நாள் என்னைப் பேசவிட்டுக் குரலைப் பிடித்து மிஷினில் போட்டான். இரண்டு நாள் என்னைப் பேசவிட்ட ஒரே ஆண்பிள்ளை அவன்தான். ஏரியிலிருந்து எல்லோரும் கரையேறும் நேரத்தில், என் குரலிலேயே அது எல்லோரையும் கூப்பிடுகிறது. சொன்னதை மறக்காது. யார் குறை சொன்னாலும் முதலில் மன்னிப்புக் கேட்கும்; வியாபாரத்துக்கு அதுதான் நல்லதாம். "இப்பல்லாம் இன்னா மரியாதையா பேசுற நீ!" என்று காந்தா கேலியாக மெச்சிக்கொண்டாள்.

ஒரு நாள் நானே அந்த நம்பருக்குப் போட்டுத் திட்டிப் பார்த்தேன். என் குரல் என்னிடமே மன்னிப்புக் கேட்டது. பயந்து போனை வைத்துவிட்டேன், அக்கா.

உன்னைக் கூப்பிடுவது மட்டும் நான்தான். மிஷினுக்கு ஏது அக்கா? ஞாயிறு வருகிறேன்.

செசி


பசியாவரம்
16.6.2025

அக்கா,

மிஷினுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

வாயில் இறால் இருக்கும்போது உன் போன் அடித்தது. "முழங்கால் எப்டிகீதுக்கா?" என்று ஸ்பீக்கரில் என் குரல். நீ என்னைப் பார்த்தாய், போனைப் பார்த்தாய். திட்டுவாய் என்று காத்திருந்தேன். "பரவால்லடி செசி" என்று அதனிடம் சொல்லிக்கொண்டே கொல்லைப்பக்கம் போய்விட்டாய். நான் மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. அங்கிருந்து நீ சிரித்தது கேட்டது. என்னோடு சிரிக்கிறாய்; நானோ இங்கே இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

என் போனிலிருந்த பெயர்களை எல்லாம் பிரவீன் மிஷினில் ஏற்றியபோது உன்னுடையதும் போய்விட்டது; உன் கடிதம் வந்துதான் எனக்கே தெரிந்தது. இன்று காலை எடுக்கச் சொல்லிவிட்டேன். இனி நானே கூப்பிடுகிறேன், தடுப்பை எடுத்துவிடு. அனிதா விஷயத்தில் நான் மூன்று பேரிடம்தான் சொன்னேன். அதுவும் அவர்கள் கேட்டதால். பொய்யா சொன்னேன்? என்னைப்பற்றி உனக்குத் தெரியாதா?

செசி


திருப்பாலைவனம்
20.6.2025

செசிலியாவுக்கு,

உன் கடிதத்தில் ஒரே ஒரு வார்த்தையைத் தேடினேன். இல்லை.

அன்று கொல்லையில் நின்று யோசித்தேன். நான் பேசி முடிக்கும்வரை நீ எந்தக் காலத்தில் காத்திருந்தாய்? அது காத்திருக்கிறது. நாலு நாளாக உச்சிவேளையில் போன் அடிக்கவில்லை. குழம்பு அடிபிடிப்பதுகூடத் தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இது நல்லதா என்று எனக்கே பயமாக இருக்கிறது. ஆனாலும் என் பெயரைத் திரும்பச் சேர்த்துவிடு.

நீ கூப்பிட வேண்டாம். கல்யாணத்துக்கும் வர வேண்டாம்.

சோபியா


பசியாவரம்
26.6.2025

அக்காவுக்கு,

சேர்த்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்குக் கொட்டகையில் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ பேசுவது எல்லாம் கேட்கும். கேட்பது தப்புதான். நேற்று அதனிடம், "செசிலியா எப்டிகீறா?" என்று கேட்டாய். "நான் நல்லாகீறேன்கா" என்றது. பக்கத்திலேயே நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ போனை வைத்த பிறகு, அந்த வார்த்தையை நானும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "தப்பு என்னுதுதான்கா, மன்னிச்சுக்கோ."

வெளியே ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த காந்தா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "செசிலியா, மிஷினை நிறுத்து. இன்னும் பேசிக்கினே கீது பாரு."

செசி