இரண்டு உண்ணாமலைகள்

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சின் வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. செங்கம் சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இன்று காலை வெறும் வயிற்றோடு கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஊசியைக் கையில் எடுத்த பெண் என் பெயரைக் கேட்டாள். அப்பா பெயரைக் கேட்டாள். ஊரைக் கேட்டாள். எனக்குப் பின்னால் நின்றவர், “பேர் கேட்டே பொழுது பூடும் போலகீது” என்று முணுமுணுத்தார். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. ஊசிக்கு இல்லை. பத்து வருடம் ஆகியும் அந்த ஒரு நாளின் பயம் என்னை விட்டுப் போகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதை நான் பகிர்ந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நீங்கள். நீங்கள் இறந்துபோய் ஐந்து மாதமாகிறது.

தொண்ணூறுகளின் கடைசி அது. தேரடித் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். மூன்று மெஷின்கள், சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள். உங்கள் ஆஸ்பத்திரியின் லேப் ரிப்போர்ட்டுகளைக் கம்ப்யூட்டரில் அச்சடித்துத் தர ஒரு புரோகிராம் எழுதச் சொல்லி மேனேஜர் கூப்பிட்டபோது, ஊரிலேயே பெரிய வேலை எனக்குத்தான் கிடைத்திருக்கிறது என்று தலைகால் புரியவில்லை. நீங்கள் அங்கே லேப் டெக்னீஷியன். கம்ப்யூட்டரில் உட்கார ஒரு ஆள் வேண்டுமென்று உங்களை வேலூருக்கு ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். தட்டச்சு கற்றுக்கொண்டு வருவீர்கள் என்று மேனேஜர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நீங்கள் கேள்விகளோடு வந்தீர்கள்.

“கம்ப்யூட்டர் பயம் போயிடுச்சு சார். இப்ப வேற பயம் வந்திருக்கு,” என்றீர்கள் முதல் நாளே.

“என்ன பயம் மேடம்?”

“கையால எழுதுனா, தப்புன்னா அடிச்சுத் திருத்துன தடம் இருக்கும். இதுல தப்பு வந்தாலும் பளிச்சுன்னு அச்சாகி வருமே. யாரு சந்தேகப்படுவாங்க?”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. உங்கள் கேள்விகள் எனக்குத் தொந்தரவாக இருந்தன. ஒரு ரத்த மாதிரியை மறுபடி பரிசோதித்தால் பழைய முடிவு எங்கே போகும், யார் பார்த்துச் சரி சொன்ன பிறகு அச்சாகும், கரண்ட் போனால் பாதி அடித்தது என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். புரோகிராம் எழுதுகிறவன் நான், அதை உபயோகிக்கப்போகிறவர் நீங்கள். உங்களுக்கு எதற்கு இதெல்லாம் என்ற எண்ணம் எனக்கு. கடைசியில் எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். “படிச்சிட்டு ஆரம்பிங்க சார்” என்றீர்கள். படித்துவிட்டேன் என்று மறுவாரம் சொன்னேன். நோட்டு என் மேஜை டிராயரில் அப்படியே இருந்தது.

புரோகிராம் ஓட ஆரம்பித்தது. கையால் எழுதும் ரிஜிஸ்டரை நிறுத்திவிடலாம் என்றார் மேனேஜர். “ஒரு மாசம் ரெண்டும் நடக்கட்டும் சார்” என்று நீங்கள் பிடிவாதமாக நின்றீர்கள். இரட்டை வேலை என்று லேபில் எல்லோரும் உங்கள் மேல் எரிந்து விழுந்தார்கள்.

பதினோராம் நாள் காலை எட்டு மணிக்கு எனக்குப் போன் வந்தது. உங்கள் குரல் தாழ்ந்திருந்தது.

“சார், ஒடனே வாங்க. இனிமே ஒரு ரிப்போர்ட் கூட இதுலேர்ந்து வெளிய போகக்கூடாது.”

நான் வந்தபோது ரிஜிஸ்டரும் அச்சடித்த நகல்களும் மேஜை முழுக்கப் பரப்பிக் கிடந்தன. இரண்டு வரிகளில் விரலை வைத்துக் காட்டினீர்கள். உண்ணாமலை, இருபத்துநாலு வயது. இன்னொரு உண்ணாமலை, அதே இருபத்துநாலு. ஒரே காலையில் வந்த இரண்டு கர்ப்பிணிகள். ஒருத்திக்கு ஓ பாசிட்டிவ், இன்னொருத்திக்கு ஓ நெகட்டிவ் என்று உங்கள் கையெழுத்தில் தெளிவாக இருந்தது. கம்ப்யூட்டரோ இருவருக்கும் ஓ பாசிட்டிவ் என்று அச்சடித்துக் கொடுத்திருந்தது. நீங்கள் இரண்டையும் சரியாகத்தான் அடித்திருந்தீர்கள். பெயரையும் வயதையும் வைத்துத் தேடும்படி நான் எழுதியிருந்தேன். அது முதலில் அகப்பட்டதை எடுத்து இரண்டு முறை அச்சடித்துவிட்டது. தெருவுக்கு நாலு அண்ணாமலையும் நாலு உண்ணாமலையும் இருக்கிற ஊர் இது. என் அப்பா பெயரே அண்ணாமலை. எனக்குத் தோன்றாமல் போயிற்றே.

“நெகட்டிவ்காரங்களுக்கு பாசிட்டிவ்னு குடுத்தா என்ன ஆவும் மேடம்?” என்று கேட்டேன்.

“குழந்தை பாசிட்டிவா இருந்தா, பொறந்து மூணு நாளுக்குள்ள அம்மாவுக்கு ஒரு ஊசி போடணும். போடலைன்னா இந்தக் குழந்தைக்கு ஒண்ணும் ஆவாது. அடுத்து வர்ற குழந்தைக்குத்தான் ஆபத்து. வயித்துலயே போயிடலாம். இந்தச் சீட்டைப் பார்க்குற டாக்டரு யாரும் ஊசி போடமாட்டாங்க.”

மற்ற பத்து நாள் ரிப்போர்ட்டுகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். வேறு எதுவும் மாறவில்லை. ஆனால் அந்த ஒரு சீட்டு எங்கேயோ ஒரு பெண்ணின் பையில் இருந்தது. ரிஜிஸ்டரில் ஊர் மட்டும் எழுதியிருந்தீர்கள்: அடி அண்ணாமலை.

ஆட்டோவில் கிரிவலப் பாதையில் போனபோது மலை நம் கூடவே வந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஊர் முனையில் பெட்டிக்கடைக்காரம்மாவிடம் கேட்டோம்.

“எந்த உண்ணாமலைங்க? இந்தத் தெருவுலயே மூணு பேரு கீறாங்க.”

“புள்ளத்தாச்சிங்க. இருவத்துநாலு வயசு.”

மூன்றாவது வீட்டில் மாமியார் வாசலுக்கு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறோம் என்றதுமே அந்த அம்மாவின் முகம் வெளிறிப்போனது. “எம் மருமவளுக்கு இன்னாங்க ஆச்சு? முந்தாநேத்து காத்தாலதான் ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. அம்மா வூட்டுக்குக் கூட்டினு போயிருந்தாங்க. கீழ்பென்னாத்தூர்ல டாக்டரம்மா கிட்டதான் பிரசவம்.”

நீங்கள் விரல் மடக்கிக் கணக்குப் போட்டீர்கள். நாளைக் காலை வரைதான் நேரம். “ஒண்ணும் ஆவலம்மா. ஒரு ஊசி பாக்கி இருக்கு, போட்டுட்டா முடிஞ்சுது” என்று அந்த அம்மாவிடம் சொன்ன உங்கள் குரலில் பிசிறே இல்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டீர்கள்.

டவுனில் இரண்டு மருந்துக்கடைகளில் அந்த ஊசி இல்லை. மூன்றாவது கடையில் ஒன்றே ஒன்று இருந்தது. பிளாஸ்கில் ஐஸ் போட்டு அதை மடியில் வைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தீர்கள். வேர்க்கடலை மூட்டைகளை ஏற்ற பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. பிளாஸ்க்கை நீங்கள் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தீர்கள். அவர்கள் டாக்டரிடமிருந்து வேறெங்காவது போயிருந்தால்? ஐஸ் கரைந்துவிட்டால்? நான் கேட்க நினைத்ததையெல்லாம் நீங்களும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிந்தது. பேசாமல் இருக்க முடியாமல் நான்தான் சொன்னேன்.

“மேடம், உங்க நோட்டை நான் படிக்கல.”

நீங்கள் திரும்பவில்லை. வெளியே பார்த்தபடியே சொன்னீர்கள். “தெரியும் சார். படிச்சிருந்தீங்கன்னா பதினேழாம் பக்கத்துக்கு ஒரு சண்டையாவது போட்டிருப்பீங்க.”

“அதுல என்ன இருந்துச்சு?”

“ஒரே பேரு, ஒரே வயசு, ரெண்டு பேரு வந்தா என்ன பண்ணும்னு கேட்டிருந்தேன்.”



டாக்டரம்மாவின் நர்சிங் ஹோமில், ஜன்னலோரக் கட்டிலில் உண்ணாமலை குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மதியம் வீட்டுக்குக் கிளம்புவதாக இருந்தார்களாம். டாக்டரம்மா நம்மை நிற்கவைத்துத் திட்டினார். திட்டிக்கொண்டே தாய்க்கும் குழந்தைக்கும் ரத்தம் எடுத்து அங்கேயே பார்த்தார். தாய் நெகட்டிவ். குழந்தை பாசிட்டிவ். ஊசி போட்டார்.

“எதுக்குங்க இந்த ஊசி?” என்று அந்தப் பெண் கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன். ஏதாவது சத்து ஊசி என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். நீங்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தீர்கள்.

“எங்க தப்புமா. உம் பேர்லயே இன்னொருத்தங்க வந்தாங்க. அவங்க ரிசல்ட்டை உன் சீட்டுல போட்டுட்டோம். அடுத்த குழந்தைக்கும் இந்த ஊசி வேணும். நெகட்டிவ்னு எல்லா டாக்டர்கிட்டயும் நீயே வாய்விட்டுச் சொல்லு. சீட்டை மட்டும் நம்பாத.”

“எம் பேருதான் ஊருல பாதிப்பேருக்குங்க” என்று அவள் சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள். வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தீர்கள், வெகுநேரம்.

மேனேஜரிடம் சொல்ல வேண்டுமே என்றேன். “நீங்களே சொல்லுங்க சார். நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும்” என்றீர்கள். மறுநாள் அவர் அறையில் நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்குச் செய்தி போயிருந்தது. “ஆறு வாரம் ட்ரெய்னிங் அனுப்புனோம். ஒரு பேரு சரியா அடிக்கத் தெரியலையா உனக்கு?” என்று உங்களைப் பார்த்துக் கத்தினார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

நான் உடனே பேசவில்லை. இதைத்தான் உங்களிடம் கடைசி வரை சொல்லாமலே விட்டுவிட்டேன். என் சென்டர், என் பெயர், இனி இந்த ஊரில் யார் எனக்கு வேலை தருவார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் இரண்டு மூன்று வாக்கியங்கள் கத்தும் வரை நான் வாய்மூடி நின்றேன். ஒரு நிமிடம் இருக்குமா? அவ்வளவுதான். உங்கள் கண் என் மேலிருந்து நகர்ந்து தரைக்குப் போவதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் குரல் வந்தது.

“அவங்க சரியாத்தான் அடிச்சாங்க சார். தப்பு என் புரோகிராம்ல. அவங்க முன்னாலயே எழுதிக் குடுத்தாங்க. நான் படிக்கல.”

வேலை போகவில்லை, உங்களுக்கும் எனக்கும். அதற்கடுத்த ஒரு மாதம் தினமும் மதியம் என் சென்டருக்கு வந்தீர்கள். நான் எழுத எழுத நீங்கள் உடைத்தீர்கள். வேண்டுமென்றே தப்பாக அடித்தீர்கள், பாதியில் மெஷினை அணைத்தீர்கள், ஒரே பெயரில் இருபது பேரைச் சேர்த்தீர்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு எண், ஒவ்வொரு ரத்தக் குழாய்க்கும் ஒரு எண், ஒருவர் அடித்ததை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அச்சு. எல்லாம் நீங்கள் சொன்னவை. நீங்கள் கையெழுத்துப் போடாமல் ஓட்டக்கூடாது என்று மேனேஜரிடம் நானே கேட்டு வாங்கினேன். அந்தக் கையெழுத்தைப் போடும் முன் என்னிடம் கேட்டீர்கள்: “உங்க வீட்டு ஆளுங்க ரத்தத்த இதுல குடுப்பீங்களா சார்?” மறுநாள் என் மனைவியைக் கூட்டி வந்தேன். அவள் அப்போது ஐந்து மாதம்.

பிறகு நீங்கள் லேபுக்கே பொறுப்பாளர் ஆனீர்கள். நான் வேறு ஊர்களுக்கும் எழுதிக் கொடுக்கப் போனேன். பார்க்கும்போதெல்லாம் அந்த நாளைத் தவிர மற்றதெல்லாம் பேசினோம். உங்களுக்கு உடம்பு முடியாமல் போனதும் வந்து பார்த்தேன். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீங்கள் என் பையன் படிப்பைப் பற்றி விசாரித்தீர்கள். சொல்லாமலே திரும்பினேன்.

இப்போது என்னிடம் ஏழு பேர் வேலை செய்கிறார்கள். எதையும் கொடுத்துவிடும் முன் அதை உபயோகிக்கப்போகிறவர்கள் பக்கத்தில் இரண்டு நாள் போய் உட்கார வேண்டும் என்று அனுப்புகிறேன். அவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். நானும் போய் உட்காருகிறேன். யாராவது ஒரு பெண் தயங்கித் தயங்கி, “சார், ஒரு சந்தேகம்” என்று ஆரம்பித்தால் அந்தப் பழைய பயம் என்னைப் பிடித்துக்கொள்கிறது. எழுதிக்கொண்டிருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொள்கிறேன். அந்தப் பயம் என்றைக்காவது என்னை விட்டுப் போய்விடுமோ என்பதுதான் இப்போது எனக்கு இருக்கிற பயம்.