சீப்பு ஜெல்லியை எங்கே மாட்டுவது?

மார்ச் 3
பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லாமல் தாளை வீணாக்குகிறேன், மன்னிக்கணும். வாயில் வராதது கையிலாவது வருகிறதா பார்க்கலாம்.
நான் வேலை பார்க்கும், சீக்கிரம் திறக்கப்போகிற மீன் காட்சியகத்தின் வாசல் சுவரில் விலங்குகளின் குடும்ப மரம் வரையப்போகிறார்கள். எது எந்தக் கிளை என்று குறித்துக் கொடுப்பது என் வேலை. சீப்பு ஜெல்லி என்ற கண்ணாடி மாதிரியான கடல் உயிரி மட்டும் பாக்கி.

மார்ச் 5
முதலில் பிரிந்த கிளை கடற்பஞ்சு என்றுதான் கல்லூரியில் படித்தேன். அதற்கு நரம்பு இல்லை, தசை இல்லை. இப்போது மரபணுக்களை ஒப்பிட்டவர்கள் சிலர் சீப்பு ஜெல்லிதான் முதல் என்கிறார்கள். ஆனால் அதற்கு நரம்பு இருக்கிறதே! அப்படியானால் நரம்பு இரண்டு முறை தோன்றியதா? இல்லை, கடற்பஞ்சு இருந்ததைத் தொலைத்துவிட்டதா? ஒரு கட்டுரை இந்தப் பக்கம் இழுக்கிறது, அடுத்தது அந்தப் பக்கம். தலை சுற்றுகிறது.

மார்ச் 6
சாப்பிடும்போது அண்ணன், "ரெண்டுல எதுன்னுகூடத் தெரியலையா? வீட்டுல உன்னை மட்டும் காலேஜுக்கு அனுப்பினது இதுக்குத்தானா?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.
"அவளுக்கே தெரியலைன்னா யாருக்குமே தெரியாதுடா" என்றாள் அம்மா.
அண்ணன் கேலியைவிட இதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 9
வேலை முடிந்து சீப்பு ஜெல்லியின் தொட்டி முன்னால் நின்றேன். எட்டு வரிசை மயிரிழைகள் துடிக்க, உடம்பெல்லாம் வானவில் ஓட, அது பாட்டுக்குப் போகிறது. குழப்பமெல்லாம் எனக்குத்தான்.

மார்ச் 11
பெயிண்டர் சீப்பு ஜெல்லியை ஜெல்லிமீன் கிளையில் வரைந்துவிட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.
"அண்ணே... அது அங்க இல்லண்ணே."
"ரெண்டும் ஜெல்லிதானேம்மா?"
"ஜெல்லிமீன் கொட்டும். இது கொட்டாது, இரையை ஒட்டிப் பிடிக்கும். ரெண்டும் வேற வேற குடும்பம்."
"சரி, எங்க மாட்டணும்?"
"தெரியல."
"தெரியலைன்னா நான் எங்கம்மா பிரஷ்ஷை வைக்கிறது?"
ஈரத்துணியால் துடைத்தார். மரத்தில் ஒரு மங்கல் திட்டு.

மார்ச் 12
மேலாளர் மேடம் திட்டைப் பார்த்தார். "கடற்பஞ்சுதான் முதல்னு போட்டு முடிச்சிடு. பிள்ளைங்க வர்ற இடம். நமக்கே தெரியலைன்னு சுவத்துல எழுதவா முடியும்?"
தலையாட்டினேன்.
ஏன்டி ஆட்டின? நிஜமாவே தெரியலைங்கிறதுதானே பதில்?

மார்ச் 13
காலையிலேயே போய், சீப்பு ஜெல்லியிலிருந்து சாக்பீஸால் இரண்டு புள்ளிக்கோடு இழுத்தேன். ஒன்று கடற்பஞ்சுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது, இன்னொன்று பின்னால். நடுவில் ஒரு கேள்விக்குறி.
மேடம் வந்தார். கோபப்படவில்லை. "சரி, இருக்கட்டும். ஆனா பிள்ளைங்க கேட்டா யாரு பதில் சொல்றது?" என்றார்.
பெயிண்டர் என்னைப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்கத் தயங்கியது வெளியே வந்தது:
"திறப்பு நாளன்னைக்கு இந்தச் சுவர் பக்கத்துல நான் நின்னு பேசட்டுமா, மேடம்?"