விட்டுக்கொடுத்த ஓரடி

ஜூலை 14, ஞாயிறு

இன்று கோல்ஃப் போட்டியில் பொழிச்சலூர் ராகவனுக்குக் கடைசி இடம்.

வாராவாரம் நாங்கள் இருவரும் ஆடும்போது, அவர் பந்து குழிக்கு ஓரடியில் நின்றால், "போதும் சார், எடுத்துக்கோங்க" என்பேன். விழுந்ததாகவே எழுதுவோம். விதிப்படி தட்டி உள்ளே விட்டிருக்க வேண்டும்.

பந்தைக் குறைந்த தடவை அடித்தவரே ஜெயிக்கும் இந்த ஆட்டத்தில், சுமாராக ஆடுபவருக்குச் சலுகையாக மொத்த அடிகளில் சிலவற்றைக் கழிப்பதுதான் ஹேண்டிகேப். எங்கள் கணக்கில் அவர் கெட்டிக்காரராகத் தெரிந்ததால் அந்தக் கழிவு குறைந்துபோனது. கருணை மதிப்பெண்ணில் மேல்வகுப்புக்குப் போன மாணவன் மாதிரி இன்று திணறினார். ஓரடிப் பந்துகள்கூட விழவில்லை.

"இந்த ஹேண்டிகேப்பை எந்தக் கடையில சார் வாங்கினீங்க?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

காரில் திரும்பும்போது, பம்மல் தாண்டியதும் ராகவன் கேட்டார்: "நான் போட்டுடுவேன்னு நம்பித்தானே சார் எடுத்துக்கச் சொல்வீங்க?"

ஆமாம் என்றேன்.