மனம் நீங்கலாக

14 ஆகஸ்ட் 1976, சனி. வென்ட்வேர்த்வில்.

காப்புறுதி முகவர் நடேசன் இன்று என் பத்திரத்தோடு வந்தான். நோயில் விழுந்து நான் வேலைக்குப் போக முடியாவிட்டால் சம்பளத்தில் பாதியைத் தருவார்களாம். மனநோய்க்கு மட்டும் ஒரு சதமும் இல்லையாம். ஐந்து வருடத்துக்கு முன் மனமுடைந்து ஆறு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்ததை விண்ணப்பத்தில் ஒளிக்காமல் எழுதியதற்குக் கிடைத்த பரிசு.

"உண்மையை ஏன் அண்ணை எழுதினனீங்கள்? கொழும்பில நடந்தது இங்க ஆருக்குத் தெரியும்?" என்றான். பிறகு ஆறுதல் வேறு: "கை காலுக்கு முழுக் காப்புறுதி இருக்குத்தானே."

நான் பாலங்கள் வடிவமைக்கிற எஞ்சினியர். காலாலா வடிவமைக்கிறேன், மடையா?

மனைவி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள். உடனே கதிரையை என் பக்கம் இழுத்தான். குரல் இறங்கிவிட்டது.

"இங்க எந்த டொக்டரிட்டைப் போறனீங்கள்? எனக்கில்லை அண்ணை. தெரிஞ்ச ஒராளுக்கு. மூண்டு மாசமா நித்திரை இல்லையாம்."

பெயரை எழுதிக் கொடுத்தேன். கடதாசியை நாலாய் மடித்துக் காலுறைக்குள் செருகினான்.

"வீட்டில என்ர மனுசி பொக்கற்றெல்லாம் தடவிப் பாப்பா அண்ணை."

செருகட்டும். காலுக்குத்தான் முழுக் காப்புறுதி இருக்கிறதே.