ரோகிணியின் குறுக்களவு

ஜனவரி 7, வெள்ளி
மூன்று நாள் மழை இன்று மாலைதான் விட்டது. தங்கை பாக்கியத்துக்குப் பிரசவம். ஆண். ராத்திரி 9.50, என் கைக்கடிகாரப்படி. தாயும் பிள்ளையும் சுகம். அவர்கள் குடியிருக்கும் தொழிலாளர் லயத்து வாசலில் நின்றபோதே அழுகை கேட்டது. எனக்கும் கண்ணில் தண்ணீர். கொசுப் புகை என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவைத்தேன்.

ஜப்பான்காரன் வந்ததிலிருந்து தோட்டத்து ஆபீசில் டோக்கியோ மணி. பழைய மணிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. ஊரே அதோடு ஓடுகிறது. என் கடிகாரத்தை மட்டும் நான் மாற்றவில்லை. இரண்டு வருஷமாகப் போகிறது. என்னால் முடிந்த வீரம் அவ்வளவுதான்.

நிலாவுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி நட்சத்திரம். அழகு.

ஜனவரி 8, சனி
பண்டாரம் கணக்குப் பார்த்தார் (கோயில் பூசை, பஞ்சாங்கம் எல்லாம் இங்கே அவர்தான்). கார்த்திகை நட்சத்திரம் பழைய மணி ஒன்பதோடு முடிந்ததாம். பிள்ளை ரோகிணி. பாக்கியத்தின் மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயையோ, ரோகிணில பொறந்தா தாய்மாமனுக்கு ஆகாதே!"

தாய்மாமன் நான் ஒருவன்தான்.

பரிகாரம்: பிள்ளை முகத்தை நான் முதலில் எண்ணெயில் பார்க்க வேண்டும். நல்லெண்ணெய்க்கு எங்கே போவது? செம்பனை எண்ணெயை ஒரு தட்டில் ஊற்றினார்கள். அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன முகம். கொட்டாவி விட்டது. சிரித்துவிட்டேன். மாமியார் முறைத்தார்.

ஜனவரி 9, ஞாயிறு
வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனபோது பங்களாவிலிருந்து நான் எடுத்து வந்த வானப் புத்தகம். மரவள்ளி மாவுத் தகரத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். இங்கிலீஷ் புத்தகம், பிடித்தால் தொலைந்தேன். ரோகிணியைப் பற்றிக் குறித்துக்கொண்டது:

குறுக்களவு – சூரியனைப் போல் ஏறக்குறைய நாற்பது மடங்கு.
சூடு – சூரியனைவிடக் குறைவு. ஆரஞ்சு நிறம் அதனால்தான். இன்னும் சூடாக இருந்தால் வெள்ளை. கொல்லன் பட்டறை இரும்பும் அப்படித்தானே.
வெளிச்சம் – சூடு குறைந்தாலும் சூரியனைவிடப் பல மடங்கு. உடம்பு பெரிதல்லவா.
கனம் – உடம்புக்கு ஏற்ற கனம் இல்லை. ஊதிப்போனது. சராசரியில் நாம் மூச்சு விடும் காற்றைவிட லேசு!
தூரம் – வெளிச்சம் வந்து சேரவே அறுபது வருஷம் போல.

இந்தக் காற்று மூட்டையா என்னைக் கொல்லப் போகிறது?

ஜனவரி 10, திங்கள்
மறுபடி மழை. சயாம் ரயில் பாதைக்கு நம் தோட்டத்திலிருந்து பன்னிரண்டு ஆள் வேண்டுமாம். கணக்கெழுத ஒரு கிராணியும். இங்கே கிராணி நான் ஒருவன்தான். சனிக்கிழமை லாரி.

போன தடவை போனவர்களில் யாரும் திரும்பவில்லை. பாக்கியத்தின் புருஷன் அதில் ஒருவர். ஆறு மாதமாக ஒரு கடிதம் இல்லை.

பட்டியலை எழுதும் வேலையும் என்னுடையதுதான். என் பெயரை நானே எழுதினேன். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 11, செவ்வாய்
நேற்று பட்டியல் சேதி கேட்டதிலிருந்து பாக்கியம் பிள்ளைக்குப் பால் கொடுக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். "எனக்குன்னு இருக்கிற அண்ணன முழுங்க வந்திருக்கு. கிட்ட கொண்டாராதீங்க."

மாமியார் கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்துச் சொட்டுவிடுகிறார். வாந்தி. சிம்பாங் ரெங்கம் கடைவீதி முழுக்க நடந்தேன். மளிகைக்கடை நானாவிடம் கேட்டதற்கு, "டின் பாலா? தாக் அடா, இல்ல தம்பி. கண்ணால பாத்தே வருஷமாச்சி."

திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகத்தில் உள்ளதையெல்லாம் சொன்னேன். "அந்த வெளிச்சம் கெளம்பி அறுபது வருஷமாச்சு, பாக்கியம். நம்ம அப்பா கப்பலேறுறதுக்கு முன்னயே. அதுக்கு உன் பிள்ளைய எப்படித் தெரியும்?"

திரும்பாமலே சொன்னாள்: "அப்ப அறுபது வருஷத்துக்கு முன்னயே எழுதியாச்சுன்னு சொல்லுங்க."

படித்த படிப்பெல்லாம் இதற்குத்தானா?

ஜனவரி 12, புதன்
பிள்ளை அழுவது குறைந்துவிட்டது. அழுதால் தேவலை.

பண்டாரத்திடம் போனேன். "மணிய தப்பாச் சொல்லிட்டேன். என் கடியாரம் டோக்கியோ மணி. பழைய கணக்குக்கு 8.20. அப்ப கார்த்திகைதானே?"

"கிராணியாரே, பழைய மணிய மாத்தவே மாட்டேன்னு கோயில்ல நின்னு பெருமையடிச்சது நீங்கதானே?"

"பிள்ள செத்துடும், பண்டாரம்."

பஞ்சாங்கத்தைத் திறக்காமலே, "கார்த்திகைதான். நாளைக்கு நானே வந்து சொல்றேன்" என்றார். நல்ல மனுஷன். இதுநாள்வரை அவரைக் கிண்டல் செய்ததற்கு வெட்கப்படுகிறேன்.

வீட்டுக்கு வந்து கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே திருகினேன். அவமானம். ஒரு நிமிஷ வேலை.

ஜனவரி 13, வியாழன்
பண்டாரம் வந்து சொன்னார். மாமியார் விடவில்லை. "அப்ப பட்டியல்ல பேரு வந்திச்சே?"

"அது ஜப்பான்காரன் கேட்ட பேரும்மா. நச்சத்திரம் என்ன பண்ணும்?"

பாக்கியம் எழுந்து உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். மாமியாரை ஆபீசுக்கு அனுப்பி அங்கே மணி என்ன என்று கேட்டு வரச் சொன்னாள். ஒத்தது. பிள்ளையைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

அவனுக்கு உறிஞ்சத் தெம்பில்லை. பாலைப் பீய்ச்சி வாயில் விட்டுக்கொண்டே இருந்தாள். மத்தியானத்துக்கு மேல் தானாகக் குடித்தான். அப்பாடா! சத்தம் வாசல்வரை கேட்டது.

ஜனவரி 14, வெள்ளி
பொங்கல். மரவள்ளிக் கிழங்கும் கொஞ்சம் சர்க்கரையும். மூட்டை: வேட்டி இரண்டு, கம்பளி, உப்பு, காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை நாலு. புத்தகம் பண்டாரத்திடம்.

சாயங்காலம் பாக்கியம் பிள்ளையோடு வந்தாள். "கார்த்திகைதானே அண்ணே?"

"ஆமா."

"பிள்ள தலைல கை வச்சுச் சொல்லுங்க."

வைத்தேன். உச்சந்தலை மெத்தென்று துடித்தது. "கார்த்திகைதான்" என்றேன். தலையசைத்துவிட்டுப் போனாள்.

பொய்ச் சத்தியம் பிள்ளையைத் தாக்கும் என்பார்கள். நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் அப்போதிலிருந்து உட்கார முடியவில்லை, சாப்பிட முடியவில்லை. தாக்குவதானால் என்னைத் தாக்கட்டும்.