பட்டியலில் விட்டுப்போன மாத்திரை

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. உனக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்த பிறகும், சட்டைத் தொழிற்சாலையில் நாளுக்கு அறுநூறு காலர் சோதிக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்குத்தான் இரத்தத்தில் கிரியாட்டினின் கழிவு ஏறுகிறதாம். போனில் கேட்டால் "எல்லாம் சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுது. என்னென்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, சத்து மாத்திரை உட்பட ஒன்றுவிடாமல்.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

பரீட்சை எழுதுவது போல இருக்கிறது. காலை எட்டு, இரவு எட்டு: நீ கொடுத்ததை என் உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க டாக்டர் தந்த மாத்திரை. மதியச் சாப்பாட்டோடு கால்சியம். மாலை ஐந்துக்கு இரும்புச்சத்து. கால்சியத்தோடு போட்டால் அது சரியாகச் சேராதாம். காலையில் ஒரு மல்டிவைட்டமின், ஒரு வைட்டமின் டி. இவ்வளவுதான்.

லிஃப்ட் மெக்கானிக் வேலைக்குத் திரும்பிவிட்டேன். நன்றாக இருக்கிறேன்.

தம்பி

மார்ச் 15

தம்பி,

உன் கடிதத்தை மருந்துக் கடைக்காரரிடம் காட்டினேன். மல்டிவைட்டமினிலேயே டி இருக்கிறதாம். தனியாகவும் தேவையா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னார். அது கிடக்கட்டும்.

உன் மனைவி போனில் அழுதாள். எட்டு மணி மாத்திரை உன் இரத்தத்தில் பாதி அளவுகூட இல்லையாம். "ஒரு வேளைகூட விடல, நானே பக்கத்துல நின்னு பாக்கறேன்" என்கிறாள். அப்படியென்றால் மருந்து எங்கே போகிறது? கடைக்காரர், "வேற ஏதாவது சாப்பிடறாரா, கேளுங்க" என்றார். கேட்கிறேன். என் மேல் ஆணையாகச் சொல்.

அக்கா

மார்ச் 24

அக்கா,

ஒன்று இருக்கிறது. வேலைக்குக் கொண்டுபோகும் பெட்டியில், ஸ்பேனர்களுக்கு அடியில் வைத்திருந்தேன். மனச்சோர்வுக்கான மூலிகை மாத்திரை. "வெறும் பூ சார், ஒண்ணும் பண்ணாது" என்று ஒருவன் விற்றான். இரண்டு மாதம் போட்டேன். அது டாக்டர் மருந்தை உடம்பில் தங்கவிடாமல் வெளியே தள்ளிவிடுமாம். உன் கடிதம் வந்த அன்றே டாக்டரிடம் சொன்னேன். ஊசி, மருந்து எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். நேற்று டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். நீ கொடுத்தது இனி வேலை செய்யாது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ்.

ஆபரேஷனுக்குப் பிறகு காரணமே இல்லாமல் அழுகை வந்தது அக்கா, அதற்குத்தான் அதை வாங்கினேன். லிஃப்ட் குழிக்குள் இறங்கி அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே வருவேன். உடம்பை அறுத்துக் கொடுத்திருக்கிறேன், இவனுக்கு இன்னும் என்ன கேடு என்று நீ நினைப்பாயே. அந்தப் பயத்தில்தான் டாக்டரிடமும் சொல்லவில்லை.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். கோபம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். வயிறு எரிகிறது. "அக்கா, மனசு சரியில்ல" என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா உனக்கு? அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் தப்பியிருக்குமே, படுபாவி.

இன்று வேலையில் ஒரே காலரைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன். மேற்பார்வையாளர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நானும் அழுதேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தினமும், நான்கு மாதம். ஏன் என்று தெரியவில்லை. கொடுத்துவிட்டு இப்போது வருந்துகிறாள் என்று நீ நினைத்துவிடுவாயோ என்று, போனில் உன்னிடம் சிரித்துச் சிரித்துப் பேசினேன்.

வியாழக்கிழமை வருகிறேன். வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்கு உன்னோடு நான் வருவேன். உன் மனைவி அன்றைக்காவது தூங்கட்டும். நான்கு மணி நேரமாமே. முதல் ஒரு மணி நேரம் உன்னைத் திட்டுவேன், வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள். அதற்குப் பிறகு நீ பேசு.

அக்கா